பழைய காத்தாடியை (காற்றாலையை) எடுத்துட்டு பெரிசு வைக்கப் போறாங்க, இந்தத் தடவை ஊருக்கு என்ன கேட்கலாம்?

தோவாளைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். செண்பகராமன்புதூர் பக்கம் எங்க ஊர். பின்வாசலில் நின்றால் கண்ணுக்கு எட்டின வரை காத்தாடிதான். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழி கணவாய் வழியா காற்று இறங்கினால் வாழை குலையோடு சாயும், நட்டதெல்லாம் போகும், அந்தக் காற்றை நம்பித்தான் 1980களின் பிற்பாதியில் முப்பந்தலில் முதல் காற்றாலைகள் வந்தன. இப்போது அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க சேர்த்தால் 1500 மெகாவாட் அளவுக்கு இருக்கிறது, நாட்டிலேயே பெரிய காற்றாலைத் தொகுதிகளில் ஒன்று என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்லும்.

எங்க அப்பா 1994இல் ஒரு ஏக்கர் இருபது சென்ட் மானாவாரி நிலத்தைக் கொடுத்தார். வாங்கினது கம்பெனிகூட இல்லை, புரோக்கர். கொள்ளு விதைத்தால் கொள்ளு வரும், இல்லையென்றால் அதுவும் வராது, அப்படிப்பட்ட நிலம் என்பதால் அப்பாவும் பெரிசாக யோசிக்கவில்லை. வந்த பணம் அக்கா கல்யாணத்தோடு தீர்ந்தது. அப்புறம் அதே இடத்தில் அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள். தன்னுடைய நிலமாக இருந்த இடத்துக்கு 19 வருஷம் காவல் இருந்தார். அவர் அதைக் குறையாகச் சொன்னதே இல்லை, எனக்குத்தான் இன்றும் ஆறவில்லை.

இப்போது விஷயம் என்னவென்றால், அந்தப் பழைய 250 கிலோவாட் மெஷின்களைக் கழற்றிவிட்டு 2 மெகாவாட், அதுக்கும் மேலே உள்ள பெரிய மெஷின் வைக்கப் போகிறார்கள் என்று அளவெடுக்க ஆள் வந்து போனார்கள். நிலம் வைத்திருந்தவனுக்காவது அன்றைக்கு நாலு காசு கிடைத்தது. தெற்கே கால்வாய்க்கு அந்தப் பக்கம் உள்ள குடியிருப்பில் யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. ஆடு மேய்த்த இடமும் களை எடுத்த கூலியும் போனதுதான் அவர்களுக்கு மிச்சம், ஒரு ரூபாய் நஷ்ட ஈடு யாரும் கொடுக்கவில்லை, ஏனென்றால் பத்திரத்தில் அவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. சுத்தமான மின்சாரம் நல்லதுதான், நான் எதிரி இல்லை. இந்தத் தடவை அந்தக் குடியிருப்புக்கும் சேர்த்து ஊர் எதைக் கேட்கலாம், எப்போது கேட்கணும், யாரிடம் கேட்கணும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோணம் வாசி:

தம்பி, நான் மின்வாரியத்தில் 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். உங்க ஊர்க் காத்தாடியில் பெரும்பகுதி கோயம்புத்தூர், திருப்பூர் பக்கத்து நூற்பாலைகள் மாதிரித் தொழிற்சாலைகள் தங்கள் சொந்த உபயோகத்துக்காக வைத்தவை. இங்கே உற்பத்தியாகும் யூனிட்டை மின்வாரியக் கம்பி வழியாக அங்கே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். கேப்டிவ் என்பது இதுதான். 2005ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி உபயோகிப்பவரிடம் குறைந்தது 26 சதவீதப் பங்கு இருக்கணும், உற்பத்தியில் 51 சதவீதத்தை அவர்களே எடுக்கணும். ஆக, ஒரு ஆலை 'நாங்கள் பசுமை மின்சாரத்தில் ஓடுகிறோம்' என்று வெளிநாட்டுக்காரனுக்குக் காட்டும் சான்றிதழின் வேர் உங்க ஊர் நிலத்தில் இருக்கிறது, ஆனால் அந்த ஆலைக்கு உங்க ஊர் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

இரண்டாவது, காற்றாலைக்கு 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையின் கீழ் முன் அனுமதி தேவை இல்லை. அதனால் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் கிடையாது. கலெக்டர் கூட்டம் போடுவார், அங்கே பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் ஏமாந்து போவீர்கள், அப்படி ஒரு கூட்டமே வராது. தமிழ்நாடு அரசு 2024இல் கொண்டுவந்த கொள்கை, 20 வருஷம் ஓடிய மெஷின்களை மாற்றுவது, புதுப்பிப்பது, ஆயுளை நீட்டிப்பது பற்றியது. மெஷினுக்கு ஆயுள் நீட்டிப்பு பற்றி யோசித்த அளவுக்குப் பக்கத்து ஊரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, அதை நாம்தான் யோசிக்கணும்.

கணக்கு சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 250 கிலோவாட் பழைய மெஷின் எட்டு சேர்ந்தால் 2 மெகாவாட். முழுத் திறனில் 20 சதவீதம் ஓடுகிறது என்று வைத்தால் எட்டும் சேர்ந்து வருஷத்துக்கு 35 லட்சம் யூனிட். அதே 2 மெகாவாட்டுக்குப் புது மெஷின் ஒன்று, 30 சதவீதம் என்று வைத்தால், 52 லட்சம் யூனிட். இந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது? உயரம் கூடினது, றெக்கை நீண்டது, ஆனால் காற்று உங்க ஊர்க் காற்றுதான். அதனால் மொத்தமாக ஒரு தொகை கேட்காதீர்கள், கோயில் கொடைக்கு, பள்ளிக்கூட பெஞ்சுக்கு என்றும் கேட்காதீர்கள். யூனிட்டுக்கு 5 பைசா கேளுங்கள். ஒரு மெஷினுக்கு வருஷம் இரண்டரை லட்சத்துக்கு மேல் வரும், ஆறு மெஷின் என்றால் 15 லட்சம் தாண்டும், அதுவும் 20, 25 வருஷத்துக்கு. மீட்டர் இருக்கிறது, மறைக்க முடியாது.

சமூகப் பொறுப்பு நிதியில் செய்கிறோம் என்று சொல்வார்கள். 2013 கம்பெனிச் சட்டப்படி நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனிக்குத்தான் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்கும் கடமை. காத்தாடி வைத்திருக்கும் சின்ன மில்களில் பல இதற்குள் வராது, வந்தாலும் எங்கே செலவழிப்பது என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள்.

ஏணிக்காரன்:

நான் காத்தாடி டெக்னீஷியன், ஐடிஐ எலெக்ட்ரீஷியன் முடித்து 11 வருஷமாக ஏறி இறங்குகிறேன். அண்ணாச்சி சொன்ன பணக்கணக்கோடு வேலைக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'உள்ளூர் மக்களுக்கு முன்னுரிமை' என்று எழுதித் தந்தால் கையெழுத்து போடாதீர்கள், அதுக்கு அர்த்தமே இல்லை. முன்னுரிமை என்றால் கடைசியில் வாட்ச்மேன், புல் வெட்டுகிறவர், ஜீப் டிரைவர். மேலே ஏறுகிறவன் வேறு ஊர், கண்ட்ரோல் ரூமில் உட்காருகிறவன் வேறு மாநிலம். எண்ணிக்கை கேளுங்கள். இத்தனை பிள்ளைகளை, அதில் இத்தனை பெண் பிள்ளைகளை, வேலை தொடங்குவதற்கு ஒரு வருஷம் முன்னாடியே பயிற்சிக்கு அனுப்பணும், பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை தரணும், உயரத்தில் வேலை செய்யும் பாதுகாப்புச் சான்றிதழுக்கான கட்டணத்தைக் கம்பெனி கட்டணும். அந்தக் கட்டணம்தான் பெரிய தடை. கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பையனால் அவ்வளவு பணத்தைக் கையிலிருந்து கட்ட முடியாது, அதனால் அந்த வேலை எப்போதும் கொஞ்சம் வசதியுள்ள வீட்டுக்கே போகிறது. எனக்கு மாமா கடன் கொடுத்தார், அதனால் தப்பித்தேன். இன்னொன்று, நான் இப்போதும் காண்ட்ராக்ட்தான். மூன்று காண்ட்ராக்டர் மாறியாச்சு, ஒவ்வொரு தடவையும் பிஎஃப் புதுசாகத் தொடங்குகிறது, சர்வீஸ் கணக்கில் வருவதில்லை. இதையும் எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் கழற்றுகிற வேலை. டவர் இரும்பு, கியர் பாக்ஸ், செம்பு எல்லாம் நல்ல விலைக்குப் போகும். றெக்கை ஃபைபர், அதை எடுக்க ஆள் இல்லை. ஒரு இடத்தில் பழைய றெக்கைகளைக் குளத்துக் கரையில் போட்டுவிட்டுப் போனதை நானே பார்த்தேன், இரண்டு மழைக்காலம் அங்கேயே கிடந்தது. றெக்கையை யார், எங்கே, எத்தனை நாளில் கொண்டுபோவார்கள், அஸ்திவாரக் கான்கிரீட்டை எத்தனை அடி தோண்டி எடுப்பார்கள் என்று தேதியோடு வாங்குங்கள். எட்டு மெஷின் நின்ற இடத்தில் ஒன்றுதான் வரும் என்றால் ஏழு இடம் காலியாகும் இல்லையா, அந்த இடத்தில் ஆடு மேய்க்க உரிமை கேட்கலாமே. நிலமில்லாத அந்தக் குடியிருப்புக்கு நேரடியாகப் போய்ச் சேருகிற ஒன்று இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தோவாளைக்காரன்:

மேய்ச்சல் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இன்று சாயங்காலமே போய்ப் பேசுகிறேன். நன்றி தம்பி.

அலைவாய்க்கரை:

நான் கிள்ளியூர் தாலுகா, கடற்கரைக் கிராமம். நீங்கள் காற்றைப் பற்றிப் பேசுகிறீர்கள், அதே விஷயம் எங்களுக்கு மணலாக வந்து நிற்கிறது. புது மாதிரிக் காற்றாலைகள் பலவற்றிலும் மின்சாரக் கார் மோட்டாரிலும் இருக்கும் காந்தத்துக்கு நியோடிமியம் வேணும். அது எங்கள் கரை மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் இருக்கிறது. மணவாளக்குறிச்சியில் 1909இல் ஒரு ஜெர்மன்காரர் கண்டுபிடித்ததிலிருந்து இந்த மணலை உலகம் தேடி வருகிறது, அன்றைக்குக் கேஸ் விளக்குக்கு, இன்றைக்குப் பசுமை எரிசக்திக்கு. காரணம் மாறிக்கொண்டே இருக்கிறது, தோண்டுகிற இடம் மட்டும் மாறவில்லை.

கீழ்மிடாலம், மிடாலம், ஏழுதேசம், இனயம் புத்தன்துறை, கொல்லங்கோடு என்று இந்த மணலைத் தோண்ட 1144 ஹெக்டேர் திட்டம். 2024 அக்டோபரில் வைப்பதாக இருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் ஊர்கள் எல்லாம் எழுந்து நின்றதால் தள்ளிப்போனது. அப்புறம் 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுசக்தி சார்ந்த கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்குமான சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று விலக்குக் கொடுத்துவிட்டது. அதை விலக்கிக்கொள்ளச் சொல்லி முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கோணம் அண்ணன் சொன்னாரே, காற்றாலைக்குக் கூட்டமே கிடையாது என்று, எங்களுக்கு இருந்த கூட்டத்தையும் எடுத்தார்கள். ஊரைக் கேட்காமல் செய்வதை வசதி என்று நினைக்கிறார்கள், பிறகு ஊர் தெருவுக்கு வந்தால் வளர்ச்சிக்கு எதிரி என்கிறார்கள். கூடங்குளத்தில் போராட்டம் நடந்த பிறகுதான் 2012இல் சுற்றுப்புற ஊர்களுக்கு 500 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள். அதை முதலிலேயே உட்கார்ந்து பேசியிருந்தால் எவ்வளவு கண்ணீர் மிச்சமாகியிருக்கும்.

மணலிலிருந்து மோனசைட்டைப் பிரிப்பது வரைக்கும்தான் இங்கே. அதற்கு மேலான வேலை, அதாவது நல்ல சம்பளம் உள்ள வேலை, ஒடிசாவிலும் கேரளத்து ஆலுவாவிலும். மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று 2015 சட்டத்திருத்தத்தில் ஒன்று வந்தது, பழைய குத்தகை என்றால் ராயல்டியில் 30 சதவீதம், புதுசு என்றால் 10 சதவீதம் பாதிக்கப்பட்ட பகுதிக்குச் செலவழிக்கணும். சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் பத்துப் பெண்களிடம் கேளுங்கள், அப்படி ஒரு நிதி இருப்பதே தெரியாது. கடலரிப்பில் வீடு போனவர்களுக்கு அதிலிருந்து என்ன செய்யலாம் என்று கேட்கக்கூட ஒருவருக்கும் வழி சொல்லித் தரவில்லை. அதனால் தோவாளை அண்ணனுக்கு நான் சொல்வது, பணத்தை விடப் பெரியது தகவல். எத்தனை யூனிட், எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஊர் நடுவில் தமிழில் பலகை வைக்கணும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

அடுத்து கடலுக்குள்ளேயே காற்றாலை வரப்போகிறது. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7453 கோடி ஒதுக்கியது, குஜராத்துக்கு 500 மெகாவாட், நமக்கு 500 மெகாவாட். தூண் நட்ட இடத்தைச் சுற்றி வலை விடலாமா கூடாதா, கட்டுமரக்காரன் எந்த வழியாகப் போவான் என்று இப்போதே கேட்டு வைக்காவிட்டால் தூண் நின்ற பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

கிழக்கே போற ரயில் 77:

எல்லாம் சரி, ஆனால் இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டால் கம்பெனிக்காரன் குஜராத்துக்குப் போய்விடுவான். உள்ளதும் போகும். கொஞ்சம் யோசித்துக் கேளுங்கள்.

கோணம் வாசி:

போகட்டும் தம்பி, காற்றைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? துணி ஆலையை மாற்றலாம், கார் கம்பெனியை மாற்றலாம். ஆரல்வாய்மொழிக் கணவாயை மாற்ற முடியாது. ஏற்கெனவே துணைமின் நிலையம் இருக்கிறது, லைன் இருக்கிறது, ரோடு இருக்கிறது. 5 பைசாவுக்காக இதையெல்லாம் விட்டுவிட்டு யாரும் போகமாட்டார்கள். உங்க பயத்தை நான் தப்பாகச் சொல்லவில்லை, இந்தப் பயத்தால்தான் 30 வருஷமாக ஒருவரும் வாய் திறக்கவில்லை.

விளவங்கோட்டுக்காரி:

நான் அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்க்கிறேன், 16 வயதில் போனது, இப்போது 44. இந்தப் பேச்சில் எங்களுக்கும் இடம் உண்டா என்று தெரியாமல்தான் இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆபீஸில் முன்னாடி டிரம்மில் போட்டு வறுப்பார்கள், அந்தப் புகை கண்ணைத் திறக்கவிடாது, சுற்று வட்டாரத்து வீடுகளுக்கும் அதே கதி. அப்புறம் நீராவி பாய்லர் வந்தது, புகை குறைந்தது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். இப்போது கூரையில் சோலார் போட்டிருக்கிறார்கள், கரண்ட் செலவு குறைந்தது, அதோடு உடைக்கிற மெஷினும் தோல் உரிக்கிற மெஷினும் வந்தன. 140 பேர் இருந்த இடத்தில் 60 பேர். போனவர்கள் எல்லாம் பெண்கள், பாதிப்பேர் புருஷன் இல்லாதவர்கள். மிஞ்சிய எங்களுக்கும் கூலி பழைய மாதிரி எடைக்கணக்குதான்.

மெஷின் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். என் விரலைப் பார்த்தால் தெரியும், அண்டித் தோட்டு எண்ணெய் ஏறி ரேகையே போய்விட்டது, ரேஷன் கடையில் கைரேகை விழாமல் எத்தனை நாள் திரும்பி வந்திருக்கிறேன். அந்த மெஷினை ஓட்ட எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம் இல்லையா? 20 வயசுப் பையன்களை எடுத்தார்கள். சோலார் போட அரசு உதவி, புது மெஷின் வாங்க மானியம் என்று எது கொடுத்தாலும், இருக்கிற ஆளை வைத்துக்கொண்டு பயிற்சி கொடுத்தால்தான் கிடைக்கும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த ஒரு வரி இல்லாததால் 80 வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறதென்று யாருக்கும் தெரியவில்லை.

ஏணிக்காரன்:

அக்கா, உங்களுக்கு இல்லாத இடமா. நீங்கள் சொன்னதைத்தான் நாங்கள் முதலில் பேசியிருக்கணும்.

கோணம் வாசி:

சகோதரி எழுதியதை வாசித்த பிறகு ஒன்று தோன்றியது. 2022இல் வந்த பசுமை மின்சாரத் திறந்த அணுகல் விதிகளில், 100 கிலோவாட் லோடு இருந்தாலே வெளியிலிருந்து பசுமை மின்சாரம் வாங்கலாம், ஒரே மின்கோட்டத்துக்குள் உள்ள சில இணைப்புகளைச் சேர்த்து 100 ஆக்கினாலும் செல்லும். முன்னே ஒரு மெகாவாட் இருந்தால்தான் கதவு திறக்கும். சின்னமுட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணத்து ஐஸ் பிளாண்டுகள், அண்டியாபீஸ்கள், கயிறு மில்கள் எல்லாம் இப்போது உள்ளே வர வாய்ப்பு உண்டு. நம்ம காற்றில் ஒரு பங்காவது நம்ம மாவட்டத்துச் சின்னத் தொழிலுக்குக் குறைந்த விலையில் கொடு என்று கேட்கலாம், அப்படி வாங்குகிற ஆலை ஆளைக் குறைக்கக்கூடாது என்பதையும் அதிலேயே கட்டலாம். பேப்பர் வேலை நிறைய இருக்கும். ஆனால் செய்யக்கூடியதுதான்.

மார்த்தாண்டம் டு ஜோகன்னஸ்பர்க்:

நான் இங்கே தென்னாப்பிரிக்காவில் ஒரு சோலார் நிலையத்தில் இருக்கிறேன். அரசு ஏலத்தில் ஜெயிக்கணும் என்றால், நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் உள்ள மக்களுக்குக் குறைந்தது இரண்டரை சதவீதப் பங்கு, வருமானத்தில் குறைந்தது 1 சதவீதம் ஊர் வளர்ச்சிக்கு என்று ஏல நிபந்தனையிலேயே இருக்கிறது. முதலில் வங்கிக் கடன் அடையணும் என்பதால் பங்குப் பணம் பல வருஷம் கழித்துத்தான் கைக்கு வருகிறது, அதுவரைக்கும் ஊருக்குள் சண்டை, ஊர்ப் பங்கைக் கையில் வைத்திருக்கும் டிரஸ்டில் யார் இருப்பது என்று. அதனால்தான் யூனிட்டுக்கு 5 பைசா நல்ல யோசனை என்கிறேன், முதல் மாதத்திலிருந்தே வரும். டென்மார்க்கில் 2009 முதல் புதுக் காற்றாலையின் 20 சதவீதப் பங்கைப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு விற்க முன்வரணும் என்று சட்டம் இருந்தது. பங்கு வாங்கப் பணம் உள்ளவன்தானே வாங்குவான், நம்ம கால்வாய்க்கரைக் குடியிருப்பால் முடியாது, 2020இல் அதையும் எடுத்துவிட்டு வேறு ஏற்பாட்டுக்குப் போனார்கள்.

அமெரிக்காவில் 2021இல் பைடன் அரசு சுத்தமான எரிசக்தி முதலீடுகளின் பலனில் 40 சதவீதம் பின்தங்கிய பகுதிகளுக்குப் போகணும் என்று இலக்கு வைத்தது. 2024 மார்ச்சில் சிமெண்ட், எஃகு மாதிரி ஆலைகளைச் சுத்தமாக்க 33 திட்டங்களுக்கு 600 கோடி டாலர் அறிவித்தபோது, ஊருக்கு என்ன செய்வாய் என்று ஒவ்வொரு கம்பெனியும் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் ஆட்சி மாறிய அன்றே அந்த 40 சதவீத உத்தரவை ரத்து செய்தார்கள். ஆனால் ஊர்க்காரர்களும் கம்பெனியும் நேரடியாகக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் வேறு வகை, அதை உத்தரவு போட்டு அழிக்க முடியாது, நீதிமன்றத்துக்குப் போகலாம். லாஸ் ஏஞ்சல்ஸில் 2001இல் ஒரு விளையாட்டு அரங்கை ஒட்டிய கட்டுமானத்துக்காக அக்கம்பக்கத்து ஏழை மக்கள் அமைப்புகள் அப்படி ஒன்று போட்டன, வேலை, கூலி, மலிவு வீடு என்று எல்லாம் எண்ணிக்கையோடு. அதனால் பதிவு செய்த ஒப்பந்தமாகக் கேளுங்கள். நிலம் கை மாறினாலும், கம்பெனி பெயர் மாறினாலும், வாங்குகிறவனையும் கட்டுப்படுத்தும் என்று ஒரு பத்தி கண்டிப்பாக வேணும். காத்தாடி மூன்று கை மாறும், அது உங்களுக்கே தெரியும்.

பங்குதான் வேணும் என்றால் வெளிநாட்டுக்குப் போகவே வேண்டாம். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006இல் ஒன்றரைக் கோடிக்கு மேல் செலவழித்து, பெரும்பகுதி வங்கிக் கடன் வாங்கி, சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை வைத்தது. ஊருக்குப் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். காற்றே அதிகம் இல்லாத ஊர் அது, மெஷினைக் கொண்டுபோய் உடுமலைப்பேட்டை பக்கம் வைத்தார்கள். நம்ம ஊரில் வாசலிலேயே காற்று.

தோவாளைக்காரன்:

இரண்டு நாளாக இதை அச்செடுத்து வைத்துக்கொண்டு அலைகிறேன். நேற்று சாயங்காலம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் போனேன். நான் மேய்ச்சல் உரிமை பற்றிச் சொன்னதும் ஒரு பாட்டி, ஆடு இப்போ யாரிடம் இருக்கு மக்கா, பட்டா இருக்கா அதைக் கேளு என்றார். அவர்கள் குடியிருக்கும் இடத்துக்கே பாதிப்பேருக்குப் பட்டா இல்லை. வீட்டுக்குப் பட்டா, ஐந்து பிள்ளைகளுக்குப் பயிற்சி, அப்புறம் ஆடு வாங்க மகளிர் குழுவுக்குச் சுழல்நிதி, இந்த வரிசையில் எழுதச் சொன்னார்கள். நான் நினைத்திருந்த வரிசை வேறு. பட்டா கம்பெனி கையில் இல்லை, அதைத் தாசில்தாரிடம் தனி மனுவாகக் கொடுப்போம் என்று முடிவு செய்தோம். ஒப்பந்தம் பேசும் குழுவில் ஏழு பேர் என்றால் மூன்று பேர் அந்தக் குடியிருப்பிலிருந்து, அதில் இரண்டு பெண்கள்.

எங்கள் ஊராட்சியில் மே 1 கிராம சபையில் தீர்மானம் வைக்கப் போகிறோம். ஆரல்வாய்மொழி பேரூராட்சி என்பதால் அங்கே கிராம சபை கிடையாது, அங்குள்ள நண்பர்கள் வார்டு கவுன்சிலர்களிடம் மனு கொடுக்கிறார்கள். பெரிய றெக்கை ஊருக்குள் வரணும் என்றால் ஊராட்சி ரோட்டை அகலப்படுத்தணும், கேபிளுக்குத் தோண்டணும், இரண்டுக்கும் எங்களிடம்தான் வரணும், அது வரைக்கும் எங்கள் கையில் கொஞ்சம் பிடி இருக்கிறது.

தீர்மான வரைவை நாளைக்கு இங்கே போடுகிறேன். கோணம் அண்ணாச்சி, யூனிட் கணக்கை ஒரு தடவை சரிபார்த்துத் தாருங்கள். விளவங்கோடு அக்கா, மெஷின் வந்தாலும் ஆளை வைத்துப் பயிற்சி கொடுக்கணும் என்ற அந்த ஒரு வரியை நீங்களே உங்கள் வார்த்தையில் எழுதித் தருவீர்களா? அதை அப்படியே சேர்த்துவிடுகிறேன்.

விளவங்கோட்டுக்காரி:

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் இல்லை. அன்றைக்கு எங்க ஆபீஸிலிருந்து நின்று போனவர்களையும் கூப்பிட்டு வைத்து எழுதித் தருகிறேன்.